பாயில் பேசியதுதான் மைக்கில் வரும்

டெல்டாவில் பேச்சு என்றால் எல்லோருக்கும் மேடைதான் ஞாபகத்துக்கு வரும். கோயில் திருவிழாவில் பட்டிமன்றம், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கட்சிக் கூட்டம், பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி என்று கேட்டே வளர்ந்த காதுகள் நம்முடையவை. மராட்டியர் காலத்தில் தஞ்சாவூருக்கு வந்த கீர்த்தன முறையைத் தமிழுக்கு ஏற்றபடி மாற்றிக் கதாகாலட்சேபமாக வளர்த்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். 1869-இல் வலங்கைமானில் பிறந்த சீனிவாச சாஸ்திரியின் ஆங்கிலப் பேச்சை வெள்ளைக்காரர்களே வியந்து, வெள்ளி நாக்குக்காரர் என்று பெயர் வைத்தார்கள். திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்த கருணாநிதியின் பேச்சைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

இத்தனை பேச்சாளர்களைக் கொடுத்த மண்ணில், பத்துப் பேர் பாய் விரித்து உட்கார்ந்து ஒரு விஷயத்தைப் பேசி முடிப்பது மட்டும் இன்னும் கைவரவில்லை. மன்னார்குடிப் பக்கம் உழவர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதும் கூட்டம் நடத்திக் கொடுப்பதும் என் வேலை. அதனால் இதைத் தினமும் பார்க்கிறேன். ஒருவர் பேசுவார், மூன்று பேர் தலையாட்டுவார்கள், மற்றவர்கள் டீ வருகிறதா என்று பார்ப்பார்கள். கடைசியில் தீர்மானம் எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தத் தீர்மானத்தை எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் போய் மைக்கைப் பிடித்தால், பேசுகிறவருக்குச் சொல்ல ஒன்றுமே இருக்காது. குரல் மட்டும் இருக்கும்.

சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். குழுவில் எல்லோரும் வாய் திறந்து பேசியிருந்தால்தான், குழுவுக்காகப் பேசுகிறவர் வாயில் சரக்கு இருக்கும். குழுவில் பேசுவதையும் மேடையில் பேசுவதையும் தனித்தனி வித்தைகளாகக் கற்றுக் கொடுக்கிறார்கள். நான் பார்த்த வரையில் இரண்டும் ஒன்றுதான், முதல் பாதியும் இரண்டாம் பாதியும்.

முதலில் ஆள் கணக்கு. 2017-18-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் 20 பேர் சேர்ந்தால் ஓர் உழவர் ஆர்வலர் குழு. அப்படி ஐந்து சேர்ந்தால் 100 பேர் கொண்ட உழவர் உற்பத்தியாளர் குழு. மகளிர் சுய உதவிக் குழுக்களும் இருபது பேருக்கு மேல் போவதில்லை. கடன், சேமிப்பு, இடுபொருள் வாங்குவதற்கெல்லாம் இருபது பேர் நல்ல அளவுதான். பேசுவதற்கு அது ரொம்பப் பெரிசு. ஐந்து பேர் இருந்தால், இரண்டிரண்டு பேராகக் கணக்குப் போட்டால் 10 ஜோடி. பன்னிரண்டு பேர் என்றால் 66. இருபது பேர் என்றால் 190. இத்தனை பேருக்கு நடுவில் யாருக்கு யாரோடு வரப்புத் தகராறு, யார் யாருக்குச் சம்பந்தி, யார் யாரிடம் கடன் வாங்கியிருக்கிறார் என்பதெல்லாம் அந்த 190-க்குள் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு மணி நேரக் கூட்டத்தில் எல்லோருக்கும் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடமும் யாருக்கும் கிடைக்காது, ஏனென்றால் இரண்டு பேர் நாற்பது நிமிடத்தை எடுத்துக்கொள்வார்கள். அதனால் இருபது பேரை நான்கு நான்கு பேராக உட்கார வைத்துப் பேசவிட்டு, அப்புறம் மொத்தமாகக் கூட்டுவேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

எங்கே உட்காருகிறோம் என்பதும் பேச்சில் சேர்த்திதான். கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டால் சிலர் உள்ளே, சிலர் படியில், சிலர் படிக்கும் கீழே. பெரிய பண்ணை வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் கூட்டம் போட்டால் குத்தகைக்காரர் உட்காரவே மாட்டார், தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார். யாரும் நிற்கச் சொல்வதில்லை, இருந்தாலும் நிற்பார். அவரிடம் போய் “உங்க கருத்து என்னண்ணே” என்று கேட்டால் “நீங்க எல்லாரும் பார்த்து முடிவு பண்ணுங்க” என்றுதான் பதில் வரும். நின்றபடி இருக்கிற ஆளிடம் வேறு என்ன பதிலை எதிர்பார்க்கிறோம்? பள்ளிக்கூடத்து வராண்டா, சமுதாயக் கூடம், நெல் காயவைக்கிற களம் என்று எல்லோரும் ஒரே தரையில் உட்காரக்கூடிய இடமாகப் பார்த்துக் கூட்டத்தை மாற்ற வேண்டும். நம் ஊரில் சாதியும் நிலமும் யார் முதலில் வாய் திறப்பது என்பதை முடிவு செய்துவிடுகின்றன. இதைப் பேசாமல் குழுத் தொடர்பைப் பற்றி எத்தனை பயிற்சி வகுப்பு எடுத்தாலும் வீண்.

ஒரு வாய்க்கால் கதையைச் சொல்கிறேன். நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு இருக்கிறது. வெண்ணாற்றில் இருந்து கோரையாறும் பாமணியாறும் அங்கேதான் பிரிகின்றன. அங்கிருந்து கிளை, கிளைக்குக் கிளை என்று பிரிந்து வருகிற ஒரு கன்னி வாய்க்காலின் கடைமடையில் ஒரு குழு. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தாலும் தண்ணீர் கடைமடைக்கு வர நாளாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அவர்கள் பிரச்சினை அதுவல்ல. பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போதே இவர்களுடைய கடைசி 40 மா (சுமார் 13 ஏக்கர்) நிலத்துக்கு ஏறவில்லை.

கூட்டம் போட்டோம். முதலில் பேசியவர் தூர்வாரவில்லை என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் வெங்காயத்தாமரையையும் சேர்த்துக்கொண்டார். அரை மணி நேரம் அதே பேச்சு. தூர்வாரக் கோரி மனு என்று தீர்மானம் எழுத நோட்டைத் திறந்துவிட்டார்கள். நான் எழுத வேண்டாம் என்று நிறுத்தி, பக்கத்தில் இருக்கிறவரோடு மட்டும் ஐந்து நிமிடம் பேசுங்கள் என்றேன். “உங்க வயலுக்குக் கடைசியா தண்ணி வந்தப்ப நீங்க என்ன பார்த்தீங்க?” என்பது ஒன்றுதான் கேள்வி.

ஐந்து நிமிடம் கழித்து ஒரு சின்னப் பையன் எழுந்தான். பையன் என்றால் கல்லூரி முடித்தவன், அப்பாவுக்குப் பதிலாக வந்திருந்தான். “அக்கா ஒண்ணு சொல்றாங்க, அது எனக்குத் தெரியவே தெரியாது” என்றான். அக்காவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அதுவரை வாயே திறக்கவில்லை. ரோட்டுக்கு அடியில் போட்டிருக்கிற சிமெண்ட் குழாய், வாய்க்கால் தரையைவிட உயரத்தில் இருக்கிறதாம். தண்ணீர் வரும் நாளில் குழாய் வாயில் சேர்கிற குப்பையைத் தள்ளிவிட அவர்தான் இறங்குவார். “முழங்கா அளவு தண்ணி நின்னாத்தான் குழாய்க்கு ஏறுது. எவ்வளவு தூர்வாரினாலும் தண்ணி மேல ஏறித்தானே தம்பி வரணும்?”

கூட்டம் அப்படியே நின்றுபோனது. அந்த ரோட்டில் தினமும் வண்டியில் போகிறவர்கள்தான் எல்லோரும். குழாய்க்குப் பக்கத்தில் தண்ணீருக்குள் நின்று பார்த்தவர் அவர் ஒருவர்தான்.

இப்படி நடப்பது நம் ஊரில் மட்டும் இல்லை. 1985-இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். மாணவர் தலைவர் தேர்தலுக்கு நிற்கிறவர்களில் யார் நல்லவர் என்று குழுவாகப் பேசி முடிவு செய்ய வேண்டும். சில தகவல்களை எல்லோருக்கும் கொடுத்தார்கள், சில தகவல்களை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் சரியான ஆள் யார் என்று தெரியும். குழுக்கள் என்ன செய்தன என்றால், எல்லோருக்கும் ஏற்கெனவே தெரிந்ததையே திரும்பத் திரும்பப் பேசின. ஒருவருக்கு மட்டும் தெரிந்தது வெளியே வராமலே போனது. பலருக்கும் தெரிந்ததைச் சொன்னால் உடனே தலையாட்டுவார்கள், சொன்னவருக்கும் தெம்பாக இருக்கும். தனக்கு மட்டும் தெரிந்ததைச் சொன்னால் “அப்படியா?” என்று ஒரு பார்வை வரும். அந்தப் பார்வைக்குப் பயந்தே பாதி விஷயம் வயிற்றுக்குள் தங்கிவிடுகிறது.

பிறகு ஒரு நாள் அந்த அக்காவிடம் ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “எல்லாரும் தூர்வாரணும்னு ஒரே வாயா சொல்றப்ப நான் எதுக்குக் குறுக்க பேசணும்? ஒருவேளை நான் பார்த்ததுதான் தப்போன்னு இருந்துச்சு” என்றார். இந்த இரண்டாவது வாக்கியம்தான் முக்கியம். அவர் பயப்பட மட்டும் இல்லை, தன் கண்ணையே சந்தேகப்பட்டிருக்கிறார். சாலமன் ஆஷ் 1950-களில் செய்த சோதனையில், மாதிரிக் கோட்டின் அளவுக்கே நீளமான கோடு எது என்று பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். சுற்றி இருந்தவர்கள் முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு தப்பாகச் சொன்னபோது, சோதனைக்கு வந்தவர்கள் சொன்ன பதில்களிலும் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அதே தப்பான பதில். ஆனால் சுற்றி இருந்தவர்களில் ஒருவர் மட்டும் சரியாகச் சொன்னால் போதும், தப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. எனக்கு இதில் பிடித்த இடம் அதுதான். பெரிய துணிச்சல் தேவையில்லை, துணைக்கு ஓர் ஆள் போதும். அந்தப் பையன் எழுந்து “அக்கா ஒண்ணு சொல்றாங்க” என்று சொன்னது அப்படிப்பட்ட துணை.

எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சத்தமாக யோசித்தால் நிறைய யோசனை வரும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஆஸ்பர்ன் என்ற அமெரிக்க விளம்பரக்காரர் பரப்பிய முறை அது, இன்றைக்கும் பயிற்சி வகுப்புகளில் சொல்லித்தருகிறார்கள். ஜெர்மனியில் டீல், ஸ்ட்ரோபே என்பவர்கள் 1987-இல் சோதித்துப் பார்த்தார்கள். ஒரே எண்ணிக்கை ஆட்கள் தனித்தனியாக யோசித்துச் சேர்த்தபோதுதான் அதிக யோசனைகள் வந்தன. காரணம் எளிது. ஒருவர் பேசும்போது மற்றவர்கள் காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தில் தன் யோசனை மறந்துபோகும், அல்லது அது அற்பமாகத் தோன்றிவிடும். எழுதத் தெரிந்த குழுவில் முதலில் ஆளுக்கொரு சீட்டில் எழுதச் சொல்கிறேன். எழுதுவது சிரமம் என்றால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்கிறேன். மொத்தக் கூட்டத்தில் பேச்சு அதற்கு அப்புறம்தான்.

குழுவில் ஆளுக்கொரு வேலை தானாக அமைந்துவிடும். பென், ஷீட்ஸ் என்ற இருவர் 1948-லேயே இதை வகை பிரித்து எழுதினார்கள்: காரியத்தை நகர்த்துகிறவர்கள் ஒரு வகை, ஆட்களை ஒட்டவைக்கிறவர்கள் ஒரு வகை, தன் கதையை மட்டும் பார்க்கிறவர்கள் ஒரு வகை. நம் குழுக்களில் முதல் வகைக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று பெயர் பலகை உண்டு. மூன்றாம் வகையை எல்லோருக்கும் தெரியும். நடுவில் உள்ளவர்களை மட்டும் யாரும் கவனிப்பதில்லை. டீ ஊற்றிக்கொண்டே “ஏன்க்கா, நீங்க அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே, அதைச் சொல்லுங்களேன்” என்று கிளறிவிடுகிற ஆள் ஒவ்வொரு குழுவிலும் இருப்பார். சண்டை சூடாகும்போது “சரி, அவர் என்ன சொல்ல வர்றார்னா” என்று இன்னொருவருடைய பேச்சை அவரைவிடத் தெளிவாக எடுத்துச் சொல்கிறவர் இருப்பார். அவர்கள் வராத அன்று கூட்டமே சப்பென்று போகும். தலைவர் தேர்தலுக்குச் செலவிடுகிற கவலையில் கால்வாசியை இவர்களைக் காப்பாற்றுவதற்குச் செலவிட்டால் குழு பிழைக்கும்.

சண்டை வந்தால் குழு உடைந்துவிட்டது என்று பதற வேண்டாம். டக்மன் 1965-இல் எழுதியபடி கூடுவது, மோதுவது, வழிக்கு வருவது, வேலை செய்வது என்று படிகள் உண்டு. மோதாமல் வழிக்கு வந்த குழுவை நான் பார்த்ததில்லை. ஆறு மாதமாகச் சண்டையே இல்லை என்று ஒரு குழு சொன்னால், யாரோ சிலர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

இனி மைக்குக்கு வருகிறேன்.

விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் யார் பேசுவது என்ற பேச்சு வந்தது. எல்லோரும் வழக்கமாகப் பேசுகிறவரையே சொன்னார்கள். நல்ல குரல், கூச்சம் கிடையாது, நாலு பெரிய மனிதர்களைத் தெரியும். நான் அக்கா பேசட்டும் என்றேன். கேட்கிறவர் ஒரு பேச்சை நம்புவதற்கு முதல் காரணம், பேசுகிறவருக்கு அந்த விஷயம் நேரடியாகத் தெரியும் என்பதுதான். பேசுகிறவர் மேல் நம்பிக்கை வந்தால்தான் பேச்சு எடுபடும் என்பது அரிஸ்டாட்டில் காலத்தில் இருந்து சொல்லி வருகிற சங்கதி. குழாய்க்கு முன்னால் முழங்கால் தண்ணீரில் நின்றவர் பேசினால் அதிகாரி மறுகேள்வி கேட்டாலும் பதில் இருக்கும். வழக்கமாகப் பேசுகிற அந்த அண்ணன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று அக்கா கேட்டார். அந்த நல்ல குரல்காரரும் பெருந்தன்மையாக ஒத்துக்கொண்டார். அவரைப் பற்றி எனக்கு அன்றைக்குத்தான் உயர்ந்த அபிப்பிராயம் வந்தது.

எழுதிக் கொடுக்கட்டுமா என்று பையன் கேட்டான். வேண்டாம் என்றேன். பேச்சை எடுத்துச் சொல்ல நான்கு வழி உண்டு: எழுதியதைப் படிப்பது, மனப்பாடம் செய்து ஒப்பிப்பது, நினைத்தபடி அந்த இடத்திலேயே பேசுவது, சொல்ல வேண்டிய வரிசையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வார்த்தைகளை அங்கேயே அமைத்துக்கொள்வது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இரண்டாவதை மட்டும் கற்றுக் கொடுக்கிறது. சுதந்திர தினப் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகப் போகிறேன், அதனால் இதைச் சொல்லும்போது எனக்கு மனசு வலிக்கிறது. “மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே” என்று ஆரம்பித்து, வாத்தியார் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தை ஒரே மூச்சில் ஓட்டுவார்கள். “அன்று” என்ற இடத்தில் வலது கை மேலே போக வேண்டும், “இன்று” என்ற இடத்தில் இடது கை. நடுவில் ஒரு வார்த்தை தவறினால் சங்கிலி அறுந்துவிடும். குழந்தை கூரையைப் பார்க்கும், மறுபடி முதல் வரியில் இருந்து ஆரம்பிக்கும். அதே குழந்தையைக் கீழே கூப்பிட்டு “உங்க ஊர்ல வெள்ளம் வந்தப்ப என்ன ஆச்சு?” என்று கேட்டால், கண்ணை விரித்துக்கொண்டு ஐந்து நிமிடம் அழகாகச் சொல்லும். பேச்சு அந்தப் பிள்ளையிடம் இருக்கிறது. அதை மூடிவிட்டு வாத்தியாருடைய பேச்சை மேலே வைக்கிறோம்.

நான்காவது வழிதான் எல்லோருக்கும் ஏற்றது. முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் சொல்லுக்குச் சொல் தெரிந்திருக்க வேண்டும். நடுவில் இருப்பது மூன்று விஷயம், வரிசையாக. மூன்றுக்கு மேல் போனால் பேசுகிறவருக்கும் நிற்காது, கேட்கிறவருக்கும் நிற்காது. நம்மாழ்வார் அய்யா கூட்டங்களில் அடிக்கடி எடுத்துச் சொன்ன ஒரு வழக்கு உண்டு: “அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு.” நெல்லின் தாளடி நிலத்துக்கு உரம், வைக்கோல் மாட்டுக்குத் தீவனம், கதிர் நமக்குச் சோறு. தஞ்சாவூர்ப் பக்கம் இளங்காட்டில் பிறந்த மனிதர், வேளாண்மைப் பட்டம் படித்தவர். மண்வளத்தைப் பற்றி அவரால் மணிக்கணக்கில் பேச முடியும். ஆனால் கேட்டவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போனது இந்த ஆறு சொல்லைத்தான்.

அக்காவோடு நான்கைந்து பேர் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தோம். அவர் “எங்க மாமனார் காலத்துல இந்த வாய்க்கால்ல” என்று ஆரம்பித்தார். கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் அந்த அரங்கில் இன்னும் எத்தனையோ பேர் பேசக் காத்திருப்பார்கள், அதிகாரி காதில் முதல் சில விநாடிகளில் விழுவதுதான் நிற்கும். எனவே வரிசையைத் திருப்பிப் போட்டோம். என்ன கோளாறு, அதனால் யாருக்கு என்ன நஷ்டம், என்ன செய்து தர வேண்டும். மாமனார் கதையை யாராவது கேட்டால் சொல்லலாம். பையன் டேப் எடுத்துப்போய் அளந்து வந்தான், குழாயின் அடி வாய்க்கால் தரையைவிட ஒன்றரை அடி மேலே. ஃபோனில் படமும் எடுத்து வந்தான்.

கூட்டத்தில் அக்கா பேசியது இவ்வளவுதான்: “அய்யா, வணக்கம். எங்க வாய்க்கால்ல ரோட்டுக்கு அடியில போட்டிருக்கிற குழாய், வாய்க்கால் தரையை விட ஒன்றரை அடி ஒசரத்துல இருக்கு. அதனால கடைசி 40 மா நிலத்துக்குத் தண்ணி ஏற மாட்டேங்குது. அந்தக் குழாயை எறக்கிப் போட்டுத் தரணும்.” சொல்லிவிட்டு நிறுத்தினார். அந்த நிறுத்தத்தைத்தான் நாங்கள் அதிகம் பழகியிருந்தோம். பேசி முடித்ததும் இன்னொரு வாக்கியத்தைச் சேர்க்கத் துடிக்கிற நாக்கை அடக்குவது லேசில்லை. மேடையில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்து, “தூர்வாரினா சரியாயிடாதா?” என்று கேட்டார். அக்கா முழங்கால் தண்ணீரைப் பற்றிச் சொன்னார். பையன் படத்தைக் காட்டினான். பொறியாளரைப் போய்ப் பார்த்து வரச் சொன்னார்கள். வழக்கப்படி ஜனவரி 28-இல் மேட்டூரை மூடி வாய்க்கால் காய்ந்த பிறகு, கோடையில் குழாயை இறக்கிப் போட்டார்கள்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டது, “நான் நடுங்குனது எல்லாருக்கும் தெரிஞ்சுதா தம்பி?” தெரியவே இல்லை. முன்வரிசையில் இருந்த எனக்கே தெரியவில்லை. நம் நெஞ்சு அடித்துக்கொள்வது வெளியே கேட்கிறது என்று நினைக்கிறோம், அது உள்ளேயே நின்றுவிடுகிறது. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இருவர் 2003-இல் இதைச் சோதித்திருக்கிறார்கள். உங்கள் பதற்றம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு மற்றவர்களுக்குத் தெரியாது என்ற ஒரு விஷயத்தை முன்னாலேயே சொல்லி அனுப்பியவர்கள், மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். அன்றிலிருந்து யார் மைக்குக்குப் போனாலும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன். பயப்படாதே என்று சொல்வதில் பலன் இல்லை. பயம் வெளியே தெரியாது என்று சொன்னால் ஆள் நிமிர்ந்து நடக்கிறார்.

கேட்டவர்களை ஏதாவது செய்ய வைக்க வேண்டும் என்றால் இன்னொரு படி இருக்கிறது. பர்டூ பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் மன்றோ 1930-களில் ஐந்து படி சொன்னார்: கவனத்தை இழு, குறையைக் காட்டு, தீர்வைச் சொல், அது நடந்தால் எப்படி இருக்கும் என்று கண்முன் காட்டு, இப்போதே செய்ய ஒரு காரியத்தைக் கொடு. நம் மேடைப் பேச்சுகள் நான்காவதோடு கைத்தட்டல் வாங்கிக்கொண்டு முடிந்துவிடும். ஐந்தாவதைச் செய்து காட்டியவர் என்று நான் எப்போதும் சொல்வது நெல் ஜெயராமனைத்தான். திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்தில் நடத்திய நெல் திருவிழாவுக்கு வந்த விவசாயிகளிடம் பாரம்பரிய நெல்லைப் பற்றிப் பேசியதோடு விடவில்லை, கையில் இரண்டு கிலோ விதை நெல்லைக் கொடுத்து அனுப்பினார். அடுத்த வருடம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். பேச்சைக் கேட்டவர் வீட்டுக்குப் போனதும் மறந்துவிட முடியாது, விதை மூலையில் இருக்கிறது, வாக்குக் கொடுத்தாயிற்று. நம் குழுக் கூட்டத்திலும் அப்படித்தான் முடிக்க வேண்டும். யார், என்ன, எந்தத் தேதிக்குள் என்று மூன்றும் நோட்டில் ஏறாமல் எழுந்திருக்கக் கூடாது.

இப்போது எல்லாக் குழுக்களுக்கும் வாட்ஸ்அப் குழு இருக்கிறது. மழை, கொள்முதல் நிலையம் திறக்கும் நாள், மதகைப் பார்த்துக்கொள்கிற லஸ்கர் ஷட்டர் திறக்கும் நேரம், உரம் வந்த செய்தி, இதற்கெல்லாம் அதைவிட நல்லது இல்லை. முடிவு எடுக்க அது ஆகாது. ஒருவர் போட்டதற்குப் பத்துக் கட்டைவிரல் வரும், மற்ற பத்துப் பேர் சம்மதமா, பார்க்கவில்லையா, கோபமா என்று தெரியாது. நாலு நிமிடக் குரல் பதிவை முழுதாகக் கேட்கிறவர் யாரும் இல்லை. அதோடு, சாதா ஃபோன் வைத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் கடைமடைக்காரர்களும் வயசான பெண்களும். வாய்க்கால் குழு அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் ஒரு தீர்மானம் போட்டது: பணம், தண்ணீர் முறை, யார் பேசப் போவது, இந்த மூன்றையும் ஃபோனில் முடிவு செய்வதில்லை. மாதக் கூட்டத்தில், பாயில், கடைமடையில் இருந்து ஆரம்பித்துத் தலைமடை வரை ஒவ்வொருவராகப் பேசிய பிறகுதான். வழக்கமாகத் தலைமடையில் இருந்துதான் ஆரம்பிப்பார்கள். வரிசையை மாற்றச் சொன்னவர் அந்த நல்ல குரல்காரர்தான், அவருடைய நிலம் தலைமடையில் இருக்கிறது.